ஊரணித் தலைப்பிரட்டைக்கு ஹார்மோன் பரிசோதனை

உச்சிப்புளிப் பக்கமிருந்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐப்பசி மழையில் எங்கள் ஊரணியிலும் அதன் பக்கத்துப் பள்ளத்திலும் தவளைகள் முட்டையிட்டன. பள்ளத்தில் இருந்தவை கால் முளைத்துக் கரையேறிவிட்டன. ஊரணியில் இருப்பவை இன்னும் வாலை ஆட்டிக்கொண்டு திரிகின்றன. தைராய்டுதான் காரணமென்றால், அதைப் பள்ளியிலேயே அளந்து பார்க்க முடியுமா?"

தைராய்டுதான். 1912இல் குடர்நாட்ஷ் என்பவர் குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தீனியாகப் போட்டார். அவை வளர்வதற்கு முன்பே பொடிப்பொடித் தவளைகளாக மாறிவிட்டன. பிறகு வந்தவர்கள் தைராய்டை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே பெருத்துக்கொண்டு போனது. சுரப்பியிலிருந்து பெரும்பாலும் வருவது நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்சின், அதாவது டி4. அதில் ஓர் அணு கழன்றால் டி3. செல்லுக்குள் போய் வேலையை முடுக்கிவிடுவது முக்கியமாக டி3. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தீராத ஆசை. உருமாற்றத்தின் உச்சத்தில்கூட ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், தைராக்சின் ஏறக்குறைய 8 நானோகிராம்தான் இருக்கும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைப்பிரட்டையிடம் ஒரு மில்லிலிட்டர் ரத்தம் கிடைக்கவா போகிறது? சில துளி தேறினாலே பெரிது. எந்தத் தராசிலும் நிற்காத அளவு இது.

அதை அளக்கும் தந்திரத்துக்கு ஓர் உவமை: ராமநாதபுரம் நிலையத்தில் ராமேஸ்வரம் பேருந்து நிற்கிறது, 40 இருக்கை. சிவப்புத் துண்டு போட்ட 40 பேரை நாமே கொண்டுவந்து நிறுத்துகிறோம். எத்தனை பேர் என்று தெரியாத இன்னொரு கூட்டமும் நிற்கிறது. கதவு திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து ஏறுகிறார்கள். உட்கார்ந்தவர்களில் சிவப்புத் துண்டுகளை மட்டும் எண்ணுங்கள். 20 இருந்தால் அந்தக் கூட்டத்திலும் 40 பேர். 10 மட்டும் இருந்தால் 120 பேர். கூட்டத்தை நாம் எண்ணவே இல்லை!

எண்ணாத அந்தக் கூட்டம்தான் தலைப்பிரட்டையின் ஹார்மோன். இருக்கைகள்தாம் எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம். பெரும்பாலும் முயலின் உடலில் தயாராகும். தைராக்சின் மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் தனியாக ஊசி போட்டால் முயல் கண்டுகொள்ளாது. பெரிய புரதம் ஒன்றில் கோத்துப் போட வேண்டும். சிவப்புத் துண்டு, நாம் அளந்து சேர்க்கும் ஹார்மோனில் இருக்கும் கதிரியக்க அயோடின்-125. மற்ற ஹார்மோன்களுக்கு இந்த அயோடினை வெளியிலிருந்து ஒட்டவைக்க வேண்டியிருக்கும், அதனால் அவற்றின் வடிவம் கொஞ்சம் மாறிவிடக்கூடும். தைராக்சினுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அயோடின் அதன் உடம்பிலேயே இருக்கிறது. சாதாரண அணுவை எடுத்துவிட்டுக் கதிரியக்க அணுவை அதே இடத்தில் வைத்தால் போதும். எதிர்ப்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. எதிர்ப்பொருளில் உட்கார்ந்தவற்றிலிருந்து கருவி காட்டும் கதிர்வீச்சு குறையக் குறைய, மாதிரியில் ஹார்மோன் கூடுதல் என்று பொருள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் கடைசியில் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்த முறை இது. அதற்கு அடிப்படையாக இருந்த அவர்களுடைய கட்டுரையை முதலில் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. இருவரும் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் எந்தப் பிராணிக்கு வேண்டுமானாலும் செய்து பார்க்க முடிந்தது, தலைப்பிரட்டை உட்பட.

ரத்தம் போதாதபோது முழு உடலையும் அரைத்து ஆல்கஹாலில் ஹார்மோனைப் பிரித்தெடுப்பார்கள். வழியில் எவ்வளவு வீணானது என்று தெரிய, அடையாளமிட்ட ஹார்மோனை அளந்து முன்கூட்டியே கலந்துவிடுவது வழக்கம். இன்று மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் நிறை நிறமாலைக் கருவிகள் வந்து கதிரியக்கத்தின் தேவையைக் குறைத்துவிட்டன.

ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்க நகத் தவளையின் வளர்ச்சியை 66 நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஹார்மோன் இல்லாததுபோலத்தான். சுமார் 54ஆம் நிலையிலிருந்து ஏறி, 62ஐ ஒட்டி உச்சத்துக்குப் போகும். அப்போது அது தின்னாது. குடல் சுருங்கி, வாய் மாறிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரே ரத்தம்தானே உடலெங்கும் ஓடுகிறது, பின்னங்கால் முந்துவதும் வால் கடைசிவரை நிற்பதும் எப்படி? கால் மொட்டில் டி4ஐ டி3 ஆக்கும் நொதி தொடக்கத்திலேயே மிகுதி, ரத்தத்தில் கொஞ்சம் வந்தாலே அதற்குப் போதும். வாலில் அது குறைவு. டி3ஐ அழிக்கும் இன்னொரு நொதியும் அங்கே காவல் நிற்கிறது. நீந்திப் பிழைக்க வால் வேண்டுமே! ஆகவே ரத்த அளவை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிட முடியாது.

இனி அந்தப் பள்ளம். கலிபோர்னியாவின் மண்வெட்டித் தேரைகளை வைத்து நடந்த ஆய்வில், தொட்டித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தபோது தலைப்பிரட்டைகள் உருமாற்றத்தை முன்கூட்டியே முடித்தன. நெருக்கடியில் மூளை விடும் ஒரு ஹார்மோன், தலைப்பிரட்டைகளில் தைராய்டையும் முடுக்கிவிடுகிறது. கார்த்திகைக்குள் வற்றிவிடும் பள்ளத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாவதும் வேகத்தைக் கூட்டும். அவசரத்துக்கு விலை உண்டு, கரையேறுவது சின்ன உடம்போடு.

தேங்காய் சொத்தையானால் தேரை மோந்தது என்கிறோம், பிள்ளை மெலிந்தால் தேரை விழுந்தது என்கிறோம். மழை வேண்டுமென்றால் தவளைக்குக் கல்யாணமே செய்து வைக்கிறோம். அந்தத் தம்பதியின் பிள்ளைகள் ஊரணியில் பிழைத்தனவா என்று ஆராயப் பணம் கேட்டுப் பாருங்கள்! மண்டபம் என்ற ஊரில் மீனுக்கு ஆய்வு மையம் இருக்கிறது, கடற்பாசிக்கும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் காசு தராத பிராணி என்றால் கோப்பு நகர்வதில்லை என்பது என் எண்ணம்.

ஆசிரியருக்கு: ஹார்மோனைப் பள்ளியில் அளக்க முடியாது. தைராய்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றும் சோதனையும் வேண்டாம், உயிர்கள் வீணாகும். பின்னங்காலை அளக்கலாம். வேதிப்பொருள்கள் தைராய்டைக் குலைக்கின்றனவா என்று பார்க்க 2009இல் வகுத்த 21 நாள் பன்னாட்டுச் சோதனையிலும் பின்னங்கால் நீளம் முக்கியமான அளவு. கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊரணித் தண்ணீர், அடியில் வரைபடத்தாள், மேலிருந்து கைபேசியில் ஒரு படம். கால் நீளத்தை உடல் நீளத்தால் வகுத்துக் குறித்துக்கொண்டு, எடுத்த தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுங்கள். பள்ளத்துக்கும் ஊரணிக்கும் தனித்தனிக் கோடு போட்டால் எது எப்போது முந்தியது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.