சோப்புக்குள் போன எண்ணெய் என்ன ஆகிறது?

பாதாம் எண்ணெய் சோப்பு என்று பெயர் எழுதிய கட்டியில் பாதாம் எண்ணெய் அநேகமாக இருக்காது. ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. செய்தவர் நிஜமாகவே பாதாம் எண்ணெயைத்தான் ஊற்றியிருப்பார். ஆனால் அதோடு சேர்ந்த காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம்) அதை உடைத்து வேறு பொருளாக மாற்றிவிட்டது. வீட்டில் குளிர்முறையில், அதாவது அடுப்பில் கொதிக்க வைக்காமல் சோப்பு செய்ய நினைப்பவர்கள் எண்ணெய் வாங்கப் போகும் முன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ, எதுவானாலும் அதன் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடுதான். ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும் மூலக்கூறு அது. காஸ்டிக் சோடா அந்தச் சங்கிலிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சோடியத்தைச் சேர்த்துவிடுகிறது. சோடியம் சேர்ந்த சங்கிலிதான் சோப்பு. கழன்றுபோன கிளிசரால், அதாவது கிளிசரின், கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கொழுப்புக்குள் இப்படித் தனித்தனி அமிலங்கள் இருக்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவருடைய நூல் 1823-ல் வெளிவந்தது.

ஆக, பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். சோப்புக் கட்டியின் நுரை, கடினம், சருமத்தில் அது நடந்துகொள்ளும் விதம் எல்லாம் பெரும்பாலும் இந்தச் சங்கிலிகள் வைத்த சட்டம்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி. அதிலிருந்து வரும் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரைந்து பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். உப்புநீரில் மற்ற சோப்புகள் திரிந்துபோகும். இது மட்டும் நுரைக்கும். அதனால்தான் கப்பல் பயணத்துக்கென்று செய்த சோப்புகளில் தேங்காய் எண்ணெய் இருந்தது. அதே கரையும் குணம்தான் இதன் தொல்லையும். அழுக்கோடு சருமத்தின் சொந்த எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெயைத் தலையில் தடவினால் கிடைக்கும் மென்மையை நினைத்துக்கொண்டு அதன் சோப்பைத் தேய்ப்பவர்களுக்குத் தோல் வறண்டு இழுப்பதைப் பார்த்து ஆச்சரியம் வரும். பாமாயிலில் லாரிக் மிகக் குறைவு என்றாலும் அதே மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இந்த விஷயத்தில் தேங்காய் எண்ணெயின் தம்பிதான்.

ஆலிவ் எண்ணெய் எதிர்ப்பக்கம். அதில் பெரும்பங்கு ஓலிக் அமிலம்: 18 கார்பன், நடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு. சருமத்துக்கு இதமான சோப்பு, ஆனால் நுரை கொஞ்சம்தான். முழுக்க ஆலிவில் செய்த கட்டியை ஈரத்தில் விட்டுவிட்டால் மேலே கொழகொழவென்று ஒரு படலம் படியும். விரலால் தொட்டு இழுத்தால் நூல் போல வரும். சிலருக்கு அது பிடிக்காது. மாதக்கணக்கில் உலர விட்டால் வெகுவாகக் குறைகிறது.

பாமாயில், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, ஷியா வெண்ணெய் (ஓர் ஆப்பிரிக்க மரத்தின் கொட்டைக் கொழுப்பு), கோகோ வெண்ணெய் இவற்றிலெல்லாம் பால்மிடிக் அல்லது ஸ்டியரிக் அமிலம் தாராளம். கட்டி சீக்கிரம் கரையாமல் உழைக்க இவை வேண்டும். விளக்கெண்ணெய் தனி ரகம். அதன் ரிசினோலிக் அமிலத்தில் கூடுதலாக, தண்ணீரோடு ஒட்டும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (OH) உண்டு. அதனால் சோப்பு நன்றாகக் கரைந்து, மற்ற எண்ணெய்கள் தரும் நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது. 5 முதல் 8 சதவீதம் போதும். அதிகமானால் கட்டி பிசுபிசுக்கும்.

சரி, அளவு? இங்கேதான் கவனம் தப்பக்கூடாது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு சோப்பாக்க எண் உண்டு. ஒரு கிராம் எண்ணெய் முழுதும் சோப்பாக எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பது அது. தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183, ஆலிவுக்கு 0.135, பாமாயிலுக்கு 0.142, விளக்கெண்ணெய்க்கு 0.128. குட்டைச் சங்கிலி என்றால் ஒரு கிராமுக்குள் மூலக்கூறுகள் அதிகம், அதனால் தேங்காய் எண்ணெய் அதிகம் கேட்கிறது.

ஒரு கலவையைப் பாருங்கள். ஆலிவ் 500 கிராம், தேங்காய் 300, பாமாயில் 150, விளக்கெண்ணெய் 50. பெருக்கிக் கூட்டினால் சுமார் 150 கிராம் காஸ்டிக் சோடா. இதில் 5 சதவீதம் குறைத்து 142.5 கிராம் மட்டும் போடுவார்கள். வினையில் சேராத கொஞ்சம் எண்ணெய் கட்டியில் மிஞ்சும். இதற்கு சூப்பர்ஃபேட் என்று பெயர். இப்போது தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அந்த 300 கிராமையும் ஆலிவாகவே போடலாம் என்று யாராவது முடிவு செய்தால்? புதுக் கலவைக்கு மொத்தமே 136 கிராம்தான் வேண்டும். மீதி ஆறேழு கிராம் கட்டியில் தங்கிக் கையைச் சுடும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். அளவுக் குவளை போதாது, கிராம் காட்டும் தராசு வேண்டும்.

கடைசியில், கலவை கூழ்ப்பதத்துக்கு வந்தபின் விலை உயர்ந்த எண்ணெயைச் சேர்த்தால் அது மட்டும் அப்படியே தங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பதத்தில் காஸ்டிக் சோடா தீர்ந்திருக்காது. வந்து விழுந்ததையும் சேர்த்தே தின்னும். எண்ணெயின் சோப்பாகாத பகுதிதான் விதிவிலக்கு. ஷியா வெண்ணெயில் அது கணிசம், பல எண்ணெய்களில் ஒரு சதவீத அளவுதான். என்னைக் கேட்டால், அரிய எண்ணெய்களுக்குச் செலவழிக்கும் பணத்தை முகத்தில் நேரடியாகத் தடவச் செலவழிப்பது மேல்.

மலிவான எண்ணெய் என்று சாதாரண சூரியகாந்தி எண்ணெயை நிறையப் போடுவதும் வம்பு. அதிலுள்ள லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கு நடுவே மாட்டிய கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதாகக் கழன்றுவிடும், ஆக்சிஜன் அங்கே புகுந்துவிடும். ஓலிக்கைவிடப் பல மடங்கு வேகமாக இது நடக்கும். நாள் ஆக ஆகக் கட்டியில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றும், அப்புறம் சிக்கு வாடை. இரும்பு, செம்பு அயனிகள் இதை முடுக்கிவிடும். காஸ்டிக் சோடா கரைக்க வாலை வடிநீர் கேட்பதற்கு ஒரு காரணம் அது. ஓலிக் மிகுந்த சூரியகாந்தி வகையும் விற்கிறது, அது ஏறக்குறைய ஆலிவ் போலவே நடந்துகொள்ளும்.

கரைக்கும்போது காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தண்ணீரை அதன்மேல் ஊற்றக்கூடாது. கரைசல் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகித் தெறிக்கலாம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கலவையை வார்த்து, வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். ஆலிவ் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருக்கும்.