ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

"செட் சரியாக வேலை செய்யவில்லை."

சர்வீஸ் சென்டரில் இருந்த காலத்தில் நான் அதிகம் படித்த வாசகம் இதுதான். வாடிக்கையாளர் கவுன்ட்டரில் நின்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் விளக்கியிருப்பார். எப்போது அணைகிறது, எந்தச் சத்தம் வருகிறது, எத்தனை நாளாக இப்படி என்று எல்லாம் சொல்லியிருப்பார். கவுன்ட்டரில் இருக்கும் பையன் தலையாட்டிக்கொண்டே ஜாப் ஷீட் என்கிற புகார்ச் சீட்டில் இந்த நான்கு சொற்களை எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பான். உள்ளே மேஜையில் செட்டைத் திறக்கிற எனக்கு வந்து சேருவது அந்த நான்கு சொற்கள்தான். சுவிட்சைப் போட்டுப் பார்ப்பேன், ஓடும். பதினைந்து நிமிடம் விட்டுப் பார்ப்பேன், அப்போதும் ஓடும். "சோதித்ததில் பழுது இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். வரிசையில் இன்னும் முப்பது செட் காத்திருக்கும்.

இப்போது நான் தனியாக வேலை பார்க்கிறேன். கடைக்கும் வாங்கியவருக்கும் தகராறு வந்தால் செட்டைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: பழுது எவ்வளவு பெரியது என்பதைவிட, முதல் தடவை கடைக்குப் போன அன்று அது தாளில் எப்படி ஏறியது என்பதை வைத்துத்தான் பல தகராறுகள் முடிகின்றன.

ஒரு லேப்டாப் கதை. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வாங்கியது. வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே தானாக அணைய ஆரம்பித்துவிட்டது. கடைக்கு எடுத்துப் போனார். ஆன் செய்து காட்டி, "நல்லாத்தானே சார் ஓடுது" என்றார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி அணைந்தது. இப்படி மூன்று தடவை அலைந்தார். நான்காவது தடவை போனபோது, "திருப்பித் தருவதற்கான கெடு முடிந்துவிட்டது சார், இனி கம்பெனி வாரண்டிதான்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஜாப் ஷீட்டும் அவர் கையில் இருந்தன. இரண்டில் "வேலை செய்யவில்லை". ஒன்றில் "ஜெனரல் செக்கப்". அவர் செக்கப் கேட்கவே இல்லை.

என்னிடம் வந்தபோது ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் தாண்டியதும் பட்டென்று அணைந்தது. உடனே பட்டனை அழுத்தினால் உயிர் வரவில்லை. ஆறவிட்டு அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஆன் ஆனது. போர்டை மைக்ரோஸ்கோப் அடியில் வைத்துப் பார்த்ததில், மின்சாரம் உள்ளே வரும் பகுதியில் ஒரு பாகத்தைப் போர்டோடு ஒட்டும் சால்டரில் தலைமுடி அளவுக்கு விரிசல். போர்டு சூடேறும்போது அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் அளவுக்கு விரியும். அதனால் விரிசல் வாயைத் திறந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த செட்டைப் பத்து நிமிடம் சோதிக்கிறவன் கண்ணுக்கு இது அகப்படவே அகப்படாது. கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூட இதில் சொல்ல முடியாது. அவர் பார்த்தபோது அது ஓடியது, அவ்வளவுதான்.

அந்தப் பெரியவருடைய முதல் ஜாப் ஷீட்டில் இப்படி இருந்திருந்தால் போதும்: "தொடர்ந்து 40 நிமிடம் ஓடிய பிறகு தானாக அணைகிறது. சார்ஜர் செருகியிருந்தாலும் அணைகிறது. அரை மணி ஆறிய பிறகே மறுபடி ஆன் ஆகிறது. கடந்த 5 நாளில் 6 தடவை நடந்தது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்." இப்படி எழுதியிருந்தால் உள்ளே இருக்கிறவன் 40 நிமிடம் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் "பழுது இல்லை" என்று எழுதினால் பிறகு பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். கவுன்ட்டரில் எழுதித்தர மறுத்தால் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். ஒரு நகலில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கேயே நின்றபடி கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஜாப் ஷீட்டில் இன்னொரு கட்டம் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. பொருளின் வெளி நிலை என்று ஏதாவது தலைப்பில் இருக்கும். அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கிரீன் நன்றாக இருக்கிறது, கீறல் இல்லை, மூலை நசுங்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். கடையிலிருந்து சர்வீஸ் சென்டருக்குப் போகும் வழியில் விழுந்து அடிபடும் செட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் அந்த அடி உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். சீரியல் எண்ணும் முக்கியம். போனாக இருந்தால் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் ஷீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், "பழுது இல்லை" என்று வந்த ஷீட்டைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். இந்தத் தேதியிலேயே நீங்கள் புகார் சொன்னீர்கள் என்பதற்குக் கடையே கொடுத்த சாட்சி அது. பெரியவருக்குக் கடைசியில் கைகொடுத்தவையும் அந்த மூன்று ஷீட்டுகள்தான். விவரம் இல்லாவிட்டாலும் தேதி இருந்தது.

சரி, யாரிடம் கேட்பது? "அது கம்பெனி சமாச்சாரம், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று கடையில் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பலர் கெடுவைத் தொலைக்கிறார்கள். வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாகக் கொடுக்கும் வாக்கு. உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொருளை விற்றது கடை. பழுதான பொருளை விற்றதற்கான பொறுப்பைப் பல நாட்டுச் சட்டங்கள் விற்றவர் தலையில்தான் வைக்கின்றன. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதைத் தாண்டினால் கடைக்கு ரிப்பேர் செய்யவோ மாற்றித் தரவோ ஒரு வாய்ப்பு. அதுவும் சரிவராவிட்டால் மறுபடி பணம் கேட்கலாம். ரிப்பேரோ மாற்றோ கேட்கும்போது, 6 மாதத்துக்குள் வெளிப்பட்ட பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளிலும் அதே 6 மாதக் கணக்குத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதுப் பொருளுக்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுக்குப் பொறுப்பு. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. பில்லில் சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் தர வேண்டும். கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். ஆஸ்திரேலியாவில் பெரிய பழுது என்றால் மாற்றா, பணமா என்று முடிவெடுப்பது வாங்கியவர்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கவுன்ட்டரில் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அங்கே நிற்கும் பையனுக்குப் பணம் திருப்பித்தரும் அதிகாரமே இருக்காது. அவனிடம் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எத்தனை நாள் தருகிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு, அந்த நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். அது போதும்.

கடைகள் விளம்பரம் செய்யும் "7 நாள் ரிட்டர்ன்", "10 நாள் ரீப்ளேஸ்மென்ட்" எல்லாம் கடையாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. நிறம் பிடிக்கவில்லை, அளவு ஒத்துவரவில்லை என்பதற்கெல்லாம்கூடச் சில கடைகளில் அது பொருந்தும். பழுதான பொருளுக்குச் சட்டம் தரும் உரிமை வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "பாலிசி முடிஞ்சிருச்சு" என்பது கவுன்ட்டரில் வழக்கமாகக் கேட்கும் பதில். ஆனாலும் அந்தச் சில நாட்களை வீணாக்காதீர்கள். மின்னணுப் பொருட்களில் தயாரிப்புக் குறைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தலைகாட்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பழுது குறைந்து, தேய்மானக் காலத்தில் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டால் வரும் வடிவத்தைப் பார்த்துப் பொறியாளர்கள் அதைக் குளியல் தொட்டி வளைவு என்பார்கள். ஆகவே புது டிவியைத் திருவிழாவுக்கென்று பெட்டியோடு மூடி வைக்காதீர்கள். வாங்கிய வாரத்திலேயே ஒவ்வொரு போர்ட்டிலும் ஒயரைச் செருகிப் பாருங்கள். மணிக்கணக்காக ஓடவிடுங்கள். ஸ்கிரீன் முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த பிக்சல், அதாவது நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி, இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் அது வாரண்டியில் வராது என்று பல தயாரிப்பாளர்கள் விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள். கடையின் அந்த ஏழு நாள்தான் அதற்கு ஒரே வழியாக இருக்கும்.

இனி, "தண்ணி பட்டிருக்கு" என்ற தீர்ப்பு. போனுக்குள் சிம் தட்டு நுழையும் இடத்திலும் உள்ளே சில மூலைகளிலும் குட்டி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். அதை டார்ச் அடித்துக் காட்டி வாரண்டி இல்லை என்பார்கள். ஸ்டிக்கர் சிவந்திருந்தால் அந்த இடத்தில் எப்போதோ ஈரம் பட்டது என்று அர்த்தம். உங்கள் பழுதுக்குக் காரணம் அந்த ஈரம்தானா என்பதற்கு அது விடை சொல்லாது. போர்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் உண்மையிலேயே வேலையைக் காட்டியிருந்தால் பாகங்களின் கால்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ஆகவே, "அரிப்பு எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்து, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். தண்ணீரில் விழுந்த செட்டையே கொண்டுவந்து சத்தியம் பண்ணுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இந்தக் கேள்வி சமம்தான், போட்டோவில் பூத்திருப்பது தெரிந்துவிடும்.

"இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி ரத்து" என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் சீல் கிழிந்தாலோ வேறு நிறுவனப் பாகத்தைப் போட்டாலோ வாரண்டி இல்லை என்கிற மாதிரி எழுதி வந்த 6 நிறுவனங்களுக்கு, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான எஃப்டிசி 2018-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

மாற்றித் தருகிறார்கள் என்றால் வாங்கிய சந்தோஷத்தில் பெட்டியோடு வீட்டுக்கு ஓட வேண்டாம். மாற்றாக வந்த ஒரு கம்ப்யூட்டரை ஒருவர் என்னிடம் காட்டினார். பளபளவென்று புதுசுபோல இருந்தது. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கின் பதிவைத் திறந்தால், அது ஏற்கெனவே 1,100 மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகக் காட்டியது. டிஸ்க் தான் ஓடிய நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும். லேப்டாப் பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்பதையும் இப்படிப் பார்க்கலாம். புதுசு என்று கொடுத்த பீஸில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தால் யாரோ பயன்படுத்தியது என்று புரிந்துகொள்ளலாம். மாற்றுப் பொருளுக்கு வாரண்டி இன்றிலிருந்து தொடங்குகிறதா, பழைய தேதியிலிருந்து ஓடுகிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

பணமாகத் தருகிறார்கள் என்றால், கிரெடிட் நோட்டா (அதே கடையில் வேறு பொருள் வாங்கத் தரும் சீட்டா), செலுத்திய வழியிலேயே திரும்புகிறதா என்று முதலில் கேளுங்கள். கிரெடிட் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பணமாகத் தாருங்கள் என்று மறுபடி கேட்பது கடினம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அதன் மதிப்பும் சேர்ந்து வர வேண்டும். தவணையில் வாங்கியிருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கடைமேல் இருக்கும் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தது நிதி நிறுவனம், பெரும்பாலும் அதற்குக் கடையின் தகராறு கணக்கில்லை. அபராதமும் கெட்ட பெயரும் உங்கள் கணக்கில் ஏறும். ரீஃபண்ட் முடிவானதும் கடன் கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தை நிதி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி உப்பிய போனாக இருந்தால் மட்டும் இந்த வரிசை எல்லாம் மாறும். அதைக் கூரியரில் போடாதீர்கள். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே தடை இருக்கிறது. சார்ஜ் போடாமல், தீப்பிடிக்காத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, விற்றவருக்குப் போட்டோ அனுப்பி, எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

பெரியவரின் லேப்டாப்புக்கு வருவோம். என் அறிக்கையையும் மூன்று ஷீட்டுகளின் நகல்களையும் இணைத்து ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினார். வாங்கிய தேதி, முதல் புகாரின் தேதி, பழுது என்ன, கேட்பது முழுப் பணம், பதில் தர 15 நாள். கோபமாக ஒரு வரிகூட இல்லை. பதினோராவது நாள் கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அசல் பில்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் எடுத்துப் பார்த்தால் அது வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சடிக்கும் அந்த மாதிரித் தாள் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். நல்லவேளை, வாங்கிய அன்றே பேத்தி அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள்.