வானத்து மழைமானிக்கும் தேய்மானம் உண்டு

செயற்கைக்கோள் மழையை அளப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 400 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும் கருவியால் ஒரு துளியையும் பிடிக்க முடியாது, பூமியிலிருந்து மேலே வரும் கதிர்வீச்சைத்தான் பிடிக்க முடியும். அதை மில்லிமீட்டராக மாற்றுவது தரையில் ஓடும் மென்பொருள். ஆக நம் கைக்கு வரும் மழை அளவு ஒரு கணிப்பு. நல்ல கணிப்புதான், ஆனால் தொடர்ந்து யாராவது கவனித்துக்கொள்ளாவிட்டால் கெட்டுப்போகும் கணிப்பு.

தரையில் மழைமானி இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு? உலகளாவிய கணக்கில் சேரும் மழைமானிகளின் வாய்ப்பரப்பை எல்லாம் கூட்டினாலும் பாதி கால்பந்து மைதானம்கூடத் தேறாது. கடலில் அநேகமாக ஒன்றுமே இல்லை. அதனால் வேறு வழியில்லை, மேலேயிருந்துதான் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்க்கிறது? நுண்ணலையில் கடல் குளிர்ச்சியாகத் தெரியும், அதன்மேல் பெய்யும் மழைத்துளிகள் வெதுவெதுப்பாகத் தெரியும், எனவே கடல்மேல் வேலை சுலபம். நிலம் அப்படியில்லை. தரையே நுண்ணலையில் பளிச்சென்று தெரிவதால் துளிகள் அதில் கரைந்துபோகும். அதனால் 89 கிகாஹெர்ட்ஸ், அதற்கும் மேலான அலைவரிசைகளில், மேகத்தின் உச்சியிலுள்ள பனிக்கட்டித் துகள்கள் கதிர்வீச்சைச் சிதறடிப்பதைப் பார்த்து, மேலே இவ்வளவு பனி இருந்தால் கீழே இவ்வளவு மழை என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழைக்கு இந்த ஊகம் அடிக்கடி காலை வாரிவிடும். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மேலேறிப் பெய்யும் மழையில் பெரும்பங்கு தாழ்ந்த மேகங்களிலிருந்து வருவது, அவற்றில் பனி அதிகம் கிடையாது. கர்நாடக மலைப்பகுதியிலுள்ள ஆகும்பேயில் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும்போது செயற்கைக்கோள் ஏதோ சுமாரான மழை என்று சொல்லிவிட்டுப் போகும். இந்த ஒரு குறை தெரியாமல் மலையோர அணைகளுக்குச் செயற்கைக்கோள் தரவை மட்டும் நம்புவது சரியில்லை.

இது அளக்கும் முறையில் உள்ள குறை. அடுத்தது கருவியில் வருவது. 1997 நவம்பரில் ஜப்பானின் தனேகாஷிமாவிலிருந்து வெப்பமண்டல மழையை அளப்பதற்கென்றே டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோள் போனது, நாசாவும் ஜப்பானிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து செய்தது. விண்வெளியிலிருந்து மழையைப் பார்த்த முதல் ரேடார் அதில்தான் இருந்தது. கூடவே ஒரு நுண்ணலைக் கதிர்வீச்சுமானி. அந்தக் கதிர்வீச்சுமானியின் தட்டு, வரும் கதிர்வீச்சை அப்படியே பிரதிபலிப்பதோடு நிற்காமல், மேற்பூச்சில் இருந்த குறையால் தானும் கொஞ்சம் கதிர்வீசிக்கொண்டிருந்தது. வெயிலில் வரும்போது தட்டு சூடாகும், நிழலுக்குள் போனால் ஆறும், அந்த ஏற்ற இறக்கமும் தரவில் கலந்துவிடும். மேலே போய்ப் பூச்சு அடித்துவிட்டு வரவா முடியும்? தட்டின் வெப்பநிலையைக் கணக்கிட்டு, அதன் பங்கைத் தரவிலிருந்து கழித்துத்தான் சரிசெய்தார்கள்.

அப்புறம் எரிபொருள். டி.ஆர்.எம்.எம். 350 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அங்கே காற்று மிக மெல்லியதுதான் என்றாலும் உராய்வு இருக்கும், கோள் மெல்ல இறங்கும், ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த 2001 ஆகஸ்டில் ஒரே தடவையாக 402 கிலோமீட்டருக்கு ஏற்றிவிட்டார்கள். ஆயுள் கூடியது, சரி. ஆனால் தூரம் கூடியதால் ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலியின் பலம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துபோனது. ஒரு பார்வையில் விழும் வட்டம் 4.3 கிலோமீட்டரிலிருந்து 5 கிலோமீட்டராக விரிந்தது. தூறல் கண்ணுக்குத் தப்பத் தொடங்கியது. இதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தால், 2001-க்குப் பிறகு வெப்பமண்டலத்தில் மழை குறைந்துவிட்டது என்று யாராவது கட்டுரை எழுதியிருப்பார்கள். குறைந்தது ரேடாரின் கூர்மைதான்.

மழைத்தரவின் நம்பகத்தன்மை என்பதே பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்: 1998-இல் ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னதும் இன்றைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் கோள் மாறும், உயரம் மாறும், மென்பொருளும் மாறும்.

இரண்டு கோள்கள் ஒரே காலத்தில் மேலே இருந்தால்தான் அளவுகோலைக் கைமாற்ற முடியும். மூன்று ஆண்டுக்கென்று திட்டமிட்ட டி.ஆர்.எம்.எம்.-ஐ 2004-இல் நிறுத்திவிடத்தான் நாசா நினைத்தது, கட்டுப்பாட்டோடு கடலில் விழவைக்க எரிபொருள் மிச்சம் வேண்டும் என்பது ஒரு காரணம். புயலைக் கணிக்கிறவர்களும் ஆய்வாளர்களும் விடவில்லை. 2005-இல் முடிவை மாற்றி, அந்த எரிபொருளையும் ஆராய்ச்சிக்கே செலவழிக்கச் சம்மதித்தார்கள். அதன் பலன் 2014 பிப்ரவரியில் அதன் வாரிசான ஜி.பி.எம். முதன்மைக்கோள் போனபோது தெரிந்தது. 2015 ஏப்ரலில் பழைய கோளின் கருவிகளை அணைக்கும் வரை, ஓராண்டுக்கும் மேல் இரண்டும் சேர்ந்து சுற்றின. ஒரே மழையைப் பழைய கண்ணும் புதிய கண்ணும் பார்த்ததால்தான் இரண்டு காலங்களையும் ஒட்டவைக்க முடிந்தது. அந்த ஜி.பி.எம்.-ஐயும் 2023 நவம்பரில் 435 கிலோமீட்டருக்கு ஏற்றிவிட்டார்கள், சூரியனின் சீற்றம் கூடி, அந்த உயரத்துக் காற்று அடர்ந்து, உராய்வு அதிகமானதால். பழைய தலைவலி மறுபடியும்!

ஜி.பி.எம். தனியாக உலகத்தை அளந்துவிடுவதில்லை. பல நாடுகளின் வானிலைக்கோள்களில் உள்ள நுண்ணலைக் கருவிகள் எல்லாவற்றையும் அதன் அளவுக்கு ஒத்துப்போகும்படி திருத்தி, சேர்த்து, இடைவெளிகளை மேக நகர்வை வைத்தும் அகச்சிவப்புப் படங்களை வைத்தும் நிரப்பி, ஐமெர்க் என்ற பெயரில் அரை மணிக்கு ஒரு உலக வரைபடமாகத் தருகிறார்கள். சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். இந்தக் கூட்டத்தில் ஒரு கோள் போனாலும் இடைவெளி பெரிதாகும், ஊகம் கூடும். இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸில் மழைக்கென்றே வைத்திருந்த மெட்ராஸ் என்ற கருவி 2013 தொடக்கத்திலேயே நின்றுபோனது. ஈரப்பதம் பார்க்கும் சஃபீர் கருவி தொடர்ந்து வேலை செய்ததால் கோள் வீணாகவில்லை. கருவி நன்றாகவே இருந்தும் தரவு நிற்கிற ஆபத்தும் உண்டு. 2025 ஜூனில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டி.எம்.எஸ்.பி. வானிலைக்கோள்களின் நுண்ணலைத் தரவு அந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படும் என்று திடீரென அறிவிப்பு வந்தது. கோள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தரையிலுள்ள கணினிகளின் பாதுகாப்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு ஜூலைக் கடைசி என்றார்கள், கடைசியில் 2026 செப்டம்பர் வரை தொடரும் என்றார்கள். அட்லாண்டிக்கில் புயல் பருவம் தொடங்கியிருந்த நேரத்தில் இந்தக் கூத்து.

சரி, டவுன்லோட் செய்கிறவர் கவனிக்க வேண்டியதற்கு வருவோம். ஐமெர்க் ஒரே அரை மணி நேரத்துக்கு மூன்று பதில் சொல்லும். முதல் பதில் சுமார் 4 மணி நேரத்தில் வரும், வெள்ள எச்சரிக்கைக்கு அது. இரண்டாவது சுமார் 14 மணி நேரத்தில் வரும், அதற்குள் அடுத்த கோள்கள் கடந்துபோயிருப்பதால் மேக நகர்வை முன்னும் பின்னும் பார்த்து நிரப்பியிருப்பார்கள். மூன்றாவது வர மூன்று மாதத்துக்கு மேலாகும். ஜெர்மன் வானிலைத் துறையின் மையம் தொகுக்கும் மாதாந்திர மழைமானிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துத் திருத்தியது அது. ஆய்வுக்கு மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். முதல் பதிலையும் மூன்றாவதையும் ஒட்டிப்போட்டு ஒரு வரைகோடு போட்டால், ஒட்டிய இடத்தில் இல்லாத மாற்றம் ஒன்று தெரியும்.

பதிப்பும் முக்கியம். 2023-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது 1998 முதலான மொத்த மழையையும் புதிதாகக் கணக்கிட்டார்கள். பழைய பதிப்பில் பாதி, புதியதில் பாதி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயத்தில் கோப்புக்குள் இருந்த மாறியின் பெயரையும் மாற்றியதால் பலருடைய நிரல்கள் படுத்துவிட்டன. நிரல் நின்றுபோனால் பரவாயில்லை, எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். தப்பாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் வம்பு. அரை மணிக் கோப்பில் இருப்பது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். அதை அப்படியே கூட்டுகிறவர்களுக்கு மழை இரட்டிப்பாகிவிடும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. நம் வானிலைத் துறைக்கு மழைநாள் என்பது காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ஐமெர்க்கின் நாள் கோப்பு சர்வதேச நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது, அதாவது நமக்குக் காலை 5.30. விடிகாலையில் ஆறு மணிக்குப் பெய்து ஓய்ந்த மழை வானிலைத் துறையின் கணக்கில் முடியப்போகும் நாளிலும் செயற்கைக்கோள் கணக்கில் அப்போதுதான் தொடங்கிய நாளிலும் போய் உட்காரும், இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று செயற்கைக்கோளைத் திட்டுவோம். நாள் கோப்பை விட்டுவிட்டு, சர்வதேச நேரம் 3 மணியிலிருந்து தொடங்கும் 48 அரை மணிக் கோப்புகளை எடுத்துக் கூட்டி, வந்ததைப் பாதியாக்கினால் வானிலைத் துறையின் நாளுக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்.