குளத்துத் தண்ணிய யாரு குடிக்கறா?

பின்னாடி தோட்டத்துல அல்லி வளர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ரெண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குழி வெட்டி, கறுப்பு ஷீட் விரிச்சு, ஷீட் ஓரம் அசிங்கமா தெரியுதேன்னு சுத்தியும் கோணிச்சாக்கு போட்டு மறைச்சு, பத்து கப்பி மீன் விட்டு, ஒரு குட்டி பம்ப் வெச்சு கல்லு மேல தண்ணி விழற மாதிரி செட் பண்ணிருந்தேன். ஏப்ரல் பொறந்துச்சு, தெனமும் மூணு பக்கெட் ஊத்தினாத்தான் மட்டம் நிக்குது. "திருச்சி வெயிலுக்கு குடிக்காம என்ன செய்யும்"னு அம்மா. "ஷீட்டு ஓட்ட சார், மாத்திடுங்க"ன்னு ஷீட் கடைக்காரர். ரெண்டு பேருமே குளத்தப் போய் பார்க்கல.

வெயில் எவ்வளவுதான் குடிக்கும்? அதுக்கு ஒரு வரம்பு இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகணும்னா கிட்டத்தட்ட 2.4 மெகாஜூல் வெப்பம் வேணும். நம்ம ஊர்ல சராசரி ஏப்ரல் நாள்ல ஒரு சதுர மீட்டர் மேல விழற வெயில் சுமார் 22 மெகாஜூல். அத்தனையும் ஆவியாக்கறதுக்கே செலவானாலும் 9 லிட்டர் தான், அதாவது மட்டம் 9 மில்லிமீட்டர் இறங்கும். சுத்தி கட்டாந்தரையா இருந்து அனல்காத்து அடிச்சா சின்ன குளத்துல இன்னும் கொஞ்சம் கூடலாம். என் குளம் 3 சதுர மீட்டர், 15 லிட்டர் பக்கெட்ல மூணுன்னா 45 லிட்டர், கணக்குப் போட்டா 15 எம்எம். வெயில் மேல மட்டும் பழியப் போட முடியாது.

ஆனா கணக்க நம்பி ஷீட்ட உருவறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் டெஸ்ட் பண்ணிடணும். பக்கெட்ல குளத்துத் தண்ணியவே ஊத்தி, குளத்துக்குள்ளயே செங்கல் மேல நிக்க வைங்க, உள்ளயும் வெளியவும் மட்டம் ஒண்ணா இருக்கணும். வெளிய தரையில வெச்சா பக்கெட் தனியா சூடாகி கணக்கு கெட்டுப்போயிடும். ரெண்டு மட்டத்தையும் மார்க்கர்ல கோடு போட்டுட்டு 24 மணி நேரம் கழிச்சு ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், பக்கெட்ல 7 எம்எம், குளத்துல 15. ரெண்டுக்கும் அதே வெயில், அதே காத்து, அப்போ மிச்ச 8 எம்எம், அதாவது 24 லிட்டர், வேற வழியா போவுது.

அடுத்த நாள் பம்ப்ப ஆஃப் பண்ணிட்டு அதே டெஸ்ட். ஆஃப் பண்ணதும் இறங்கறது குறைஞ்சா பைப் ஜாயின்ட்லயோ, கல்லு மேல விழறப்ப வெளிய தெறிக்கறதுலயோ தான் கோளாறு, பல பேருக்கு அங்கதான் மாட்டும். எனக்கு மாறவே இல்ல.

சரின்னு தண்ணி ஊத்தறத நிறுத்திட்டேன். ஓட்டையில வெளியேறற வேகம் அதுக்கு மேல நிக்கற தண்ணியோட உயரத்தப் பொறுத்தது, உயரம் நாலுல ஒரு பங்கானா வேகம் பாதியாகும், மட்டம் ஓட்டைக்கு வந்ததும் கசிவு நின்னுடும். வெயில் மட்டும் தன் பங்க எடுத்துக்கிட்டே இருக்கும். அதனால எந்த இடத்துல குளமும் பக்கெட்டும் ஒரே அளவு இறங்க ஆரம்பிக்குதோ, அந்த மட்டத்தச் சுத்தித்தான் தேடணும். எனக்கு நாலு விரக்கடை இறங்கினதும் அப்படி ஆச்சு. கசிவு திரும்ப ஆரம்பிக்கணுமேன்னு மட்டத்த அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல ஏத்திட்டு, சிரிஞ்ச்ல பால் எடுத்து கோட்டு ஓரமா சொட்டு சொட்டா விட்டேன், ஓட்டை இருந்தா வெள்ளை இழை மாதிரி அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும் (நிறைய ஊத்தாதீங்க, தண்ணி நாறிடும்). பால் எங்கயும் போகல, நின்ன இடத்துலயே கலைஞ்சுது.

அப்பதான் சாக்கு கண்ணுல பட்டுச்சு. ஒரு மூலையில அதோட நுனி சரியா அந்தக் கோடு வரைக்கும் தொங்கிட்டிருந்திருக்கு, மறுநுனி வெளிய மண்ணுல, தொட்டா சொதசொதன்னு ஈரம், அங்க மட்டும் கோரை பச்சைப்பசேல்னு நிக்குது. விளக்குத்திரி எண்ணெய உறிஞ்சுதே, அதே வேலை. நாருக்கு நடுவுல இருக்கற நுண்ணிய இடுக்குல தண்ணி தானா ஏறி விளிம்பத் தாண்டிடும், அந்தப் பக்க நுனி குளத்து மட்டத்துக்குக் கீழ இருந்துட்டா அப்புறம் ட்யூப் போட்டு உறிஞ்சி விட்ட மாதிரி ராத்திரி பகலா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். மணிக்கு ஒரு லிட்டர். சாக்குதான்னு இல்ல, ஓரத்துல சரிஞ்ச மண்ணு, தண்ணிக்குள்ள வேர் விட்ட புல்லு எல்லாமே இந்த வேலையப் பார்க்கும்.

சாக்க வெட்டிப் போட்டு, ஷீட் ஓரத்த ரெண்டு விரல் உயரத்துக்கு நிமிர்த்தி பின்னாடி செங்கல் அணைச்சேன். செலவு பூஜ்யம். நிஜமாவே ஷீட் கிழிஞ்சிருந்தா துடைச்சுக் காயவெச்சு, அந்த ஷீட் வகைக்கு ஒட்டற டேப்பா பார்த்து வாங்கி ஒட்டணும். சிமென்ட் தொட்டின்னா விரிசலக் கொத்தி அகலமாக்கி வாட்டர் ப்ரூஃப் கலவை அடைக்கணும், ஆனா புது சிமென்ட்ல இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட காரத்தன்மை ஏறிடும், நாலஞ்சு தடவை ரொப்பி வடிச்சு விட்டுட்டு அப்புறம் மீன் விடுங்க.

இப்ப தெனம் ஒன்றரை பக்கெட் போதும். அம்மா இன்னமும் "வெயில்தான்டா"ங்கறாங்க, 15ல 7 அவங்க பக்கம் இருக்கறதால நானும் வாயத் திறக்கறதில்ல.