தனியார் பள்ளியில் பணிக்கொடை: கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய பணம்

என் சித்தி சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். 2008 ஜூன் முதல் வாரத்தில் சேர்ந்தவர், மூட்டுவலியால் மாடிப்படி ஏற முடியாமல் 2025 டிசம்பர் கடைசியில், அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு விலகினார். பொன்னாடை போர்த்தினார்கள், குத்துவிளக்கு ஒன்று கொடுத்தார்கள். வேலையை விட்டு விலகும்போது நிர்வாகம் மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோது, “அதெல்லாம் அரசுப் பள்ளிக்காரர்களுக்குத்தானே? தாளாளராக மனம் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், நாமாகக் கேட்பது முறையா?” என்றார்.

‘கொடை’ என்ற சொல்தான் இப்படி நினைக்க வைக்கிறது. இது கொடை அல்ல, உழைத்துச் சேர்த்த கூலியின் ஒரு பகுதி. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிலையங்களுக்கு 1997 ஏப்ரல் 3 முதல் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2004-இல் உச்ச நீதிமன்றம், அன்றைய சட்ட வாசகத்தின்படி ஆசிரியர் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டார் என்று தீர்ப்பளித்தது. பள்ளி வேன் ஓட்டுநருக்கு உண்டு, வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இல்லை என்ற நிலை. நாடாளுமன்றம் 2009-இல் அந்த வாசகத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று உறுதி செய்து, பாக்கியை வட்டியோடு ஆறு வாரத்தில் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் “எங்கள் பள்ளியில் அந்த வழக்கம் இல்லை” என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அது சட்டத்தை மீறுகிறது, அவ்வளவுதான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை. ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும். ஊழியர் இறந்துவிட்டாலோ உடல் முடங்கிப்போனாலோ ஐந்தாண்டு தேவையில்லை. முக்கியமாக மாறியவை இரண்டு. குறித்த காலத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதி அமர்த்தப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே அந்த அளவுக்குப் பணிக்கொடை உண்டு. இன்னொன்று சம்பளம் என்பதன் பொருள். பள்ளிகளில் பலருக்கு இதுதான் பெரிய மாற்றம்.

சித்தியின் சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இருவரும் கணக்குப் போட்டோம். மொத்தம் ரூ.26,000. அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து வெறும் ரூ.9,100. மீதி ரூ.16,900 வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. பழைய முறையில் பணிக்கொடைக்கு அந்த 9,100 மட்டுமே கணக்கு. இப்போது படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையைச் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும். ஆகவே சித்தியின் கணக்குக்குச் சம்பளம் ரூ.13,000.

மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 500. பதினைந்து நாளுக்கு 7,500. பதினேழு ஆண்டும் ஆறு மாதத்துக்கு மேல் சில வாரங்களும் ஆகியிருப்பதால் 18 ஆண்டு. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகிவிடும். மொத்தம் ரூ.1,35,000. பழைய கணக்கில் ரூ.94,500தான் வந்திருக்கும். சித்தி தன் சிவப்பு மசிப் பேனாவாலேயே விடையின் கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டு, வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிர்வாகங்கள் சொல்லும் சில காரணங்களையும் பார்த்துவிடலாம். ஏப்ரலில் ‘விடுவித்து’ ஜூனில் மறுபடி சேர்ப்பதாகக் காகிதம் போடுவது ஒரு பழைய வழி. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓராண்டுத் தொடர் பணி என்கிறது சட்டம். வாரத்துக்கு ஐந்து நாள் மட்டுமே நடக்கும் பள்ளியானால் 190 நாளே போதும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் இதில் சேரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தவருக்கு ஐந்தாண்டு நிறைந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது.

“முன்னறிவிப்புக் கொடுக்காமல் பாதி ஆண்டில் போனீர்கள், அதனால் எதுவும் கிடையாது” என்பது இன்னொன்று. முன்னறிவிப்புச் சம்பளம் தனி விவகாரம், அதற்காகப் பணிக்கொடையைப் பறிக்க முடியாது. நிர்வாகத்துக்கு இழப்பு ஏற்படுத்தியது, வன்முறை, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே அதை நிறுத்திவைக்கலாம். வேலைக்குச் சேரும்போது “பணிக்கொடை கோரமாட்டேன்” என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

பத்துப் பேர் என்ற எண்ணிக்கையில் ஆசிரியர் மட்டுமல்ல, ஆயா, காவலாளி, அலுவலக எழுத்தர் எல்லோரும் அடக்கம். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த பள்ளி, பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் பனியில் விடியுமுன் அடுப்புப் பற்றவைக்கும் சமையல்காரருக்கும், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டுநருக்கும் இதே உரிமைதான். அவர்களிடம் இதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் அரசு விதிகளின்படி ஓய்வூதியப் பலன் பெறுவோரின் கணக்கு வேறு.

ஊழியர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் விலகியதும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. முப்பது நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டி உண்டு. பழைய சட்டத்தின் கீழ் அது ஆண்டுக்கு 10 சதவீதம் தனி வட்டி. இருந்தாலும் நாமும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் குறித்து ஒப்புகை கேட்டு, பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் உதவி ஆணையரிடம் மனுச் செய்யலாம். அவர் உத்தரவிட்ட பிறகு நிர்வாகம் மேல்முறையீடு செய்ய விரும்பினால், முதலில் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகப் பக்கங்கள் இவற்றுக்கு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். சித்தியிடம் நியமன ஆணை இல்லை. 2009-இல் ஆண்டுவிழா மலரில் ஆசிரியர் பட்டியலோடு அச்சான படம் ஒன்று பரணில் கிடைத்தது, அதையும் நகலெடுத்துக் கடிதத்தோடு இணைத்தோம். ஒப்புகை அட்டை ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தது. அதைக் குத்துவிளக்கின் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்.