எலும்பை வளரவிடாமல் தடுப்பது எது?

தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் குடும்பங்கள் சிலவற்றில் ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்றொரு அரிய பரம்பரை நோய் உண்டு. இவர்களுக்கு எலும்பு லேசில் முறியாது. கேட்க வரம் மாதிரி இருக்கும், ஆனால் எலும்பு நிற்காமல் வளர்வதால் மண்டையோடு தடித்து, நரம்பு போகும் துளைகள் இறுகி, சின்ன வயதிலேயே முகவாதம் வரும், காது மந்தமாகும், மூளையில் அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். 2001இல் காரணம் தெரிந்தது: ஸ்கிளிரோஸ்டின் என்ற ஒரு புரதம் இவர்கள் உடம்பில் உருவாவதில்லை.

அந்தப் புரதம் நம் எல்லோருக்கும் உண்டு. எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள்தான் அதைச் சுரக்கின்றன. எலும்பு கட்டும் செல்களுக்கு 'போதும், நிறுத்து' என்று சொல்வது அதன் வேலை. நடக்கும்போதும் எடை தூக்கும்போதும் எலும்பின் மேல் பாரம் விழும், ஸ்கிளிரோஸ்டின் குறையும், கட்டுமானம் நடக்கும். படுத்த படுக்கையாகக் கிடந்தால் நேர்மாறு.

சரி, இந்தத் தடையைக் கொஞ்ச காலம் மட்டும் விலக்கினால்? அப்படி வந்ததுதான் ரோமோசோசுமாப், எலும்பு மெலிந்து லேசில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கான ஊசி. 2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. மாதம் ஒரு தடவை தோலுக்கடியில் 210 மில்லிகிராம், மொத்தம் 12 மாதம். ஸ்கிளிரோஸ்டினைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் இது. எலும்பு கட்டுவதைக் கூட்டி, கரைவதையும் குறைக்கிறது. எலும்புமுறிவு அபாயம் அதிகமுள்ள 4,093 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருடம் இதைப் போட்டு அப்புறம் எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு மாறியவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே அந்த மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட முதுகெலும்பு முறிவு 48 சதவீதம் குறைவு. ஆனால் அதே ஆய்வின் முதல் வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஊசி போட்டவர்களிடம் சற்றுக் கூடுதல், 1.9க்கு 2.5 சதவீதம். அதனால் கடந்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதைப் போடுவதில்லை.

என்னைக் கேட்டால், மருந்தின் பெயரைவிட முக்கியம் வரிசை. முதலில் கட்ட வேண்டும், பிறகு கட்டியதைக் காக்க வேண்டும். 12 மாத ஊசியோடு நிறுத்திவிட்டால் சேர்த்த எலும்பு மெல்லக் கரைந்துபோகும், ஆகவே அடுத்ததாக அலெண்ட்ரோனேட்டோ, வருடத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியோ கட்டாயம் வேண்டும். தினமும் போடும் டெரிபாரடைடும் எலும்பைக் கட்டும் மருந்துதான், ஆனால் டெனோசுமாப் போட்டுவந்தவர்களை அதற்கு மாற்றியபோது இடுப்பில் எலும்பு கூடுவதற்குப் பதில் முதலில் குறைந்தது.

டெனோசுமாப் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அடுத்த ஊசித் தேதியை இன்றே பாருங்கள். அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் மாதிரி அது எலும்பில் தங்காது. தேதி தள்ளிப்போனால் அது அடக்கி வைத்திருந்த, எலும்பைக் கரைக்கும் செல்கள் மொத்தமாக விழித்துக்கொள்ளும், முதுகெலும்பில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடம்கூட முறியலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் வேறு மருந்துக்கு மாறுவது எப்படி என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஊசியை விட்டபிறகு அல்ல.