பெங்களூருவில் பழைய ஸ்கூட்டர் வாங்குகிறீர்களா? ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் விதிகள்

வாங்கி ஒன்றிரண்டு வருடமே ஆன, அதிகம் ஓடாத ஸ்கூட்டர்கள் பெங்களூருவில் தாராளமாகக் கிடைக்கின்றன. வேலை மாறி வெளியூர் போகிறவர்கள் விற்கிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ வந்துவிட்டதால் வண்டியைத் தூசி படிய நிறுத்தி வைத்திருந்தவர்களும் விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர், கல்லூரிக் காலத்தில் ஓட்டிவிட்டுப் பல வருடம் கழித்து மறுபடி ஹேண்டில் பிடிக்க நினைப்பவர்கள். பழைய வண்டி வாங்குவது, பழைய லைசென்சோடு மறுபடி ஓட்டுவது என்ற இந்த இரண்டு காரியத்துக்கும் சட்டத்தில் காலக்கெடு இருக்கிறது. அது தவறினால் வரும் சிக்கல் அன்றைக்கே தெரியாது, விபத்தோ திருட்டோ நடந்த பிறகுதான் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவர் யார், சாவி யார் கையில் என்பதெல்லாம் அப்புறம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் அடுத்தடுத்துப் பலர் கை மாறியிருந்தது, ஆர்சியில் மட்டும் பழைய பெயரே நின்றது. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் இருந்தவர் தலையில்தான் விழுந்தது. எனவே பெயர் மாற்றம் விற்பவருக்கும் வேண்டிய காரியம். அவர் இழுத்தடித்தால் இந்த வழக்கை அவரிடம் சொல்லுங்கள், வேலை வேகமாக நடக்கும்.

பிரிவு 50 தரும் கெடு இது: வண்டி அதே மாநிலப் பதிவாக இருந்தால், விற்பவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தெரிவிப்பது ஃபார்ம் 29, பெயர் மாற்றம் கேட்பது ஃபார்ம் 30. "அண்ணா, 29, 30 ரெண்டுலயும் ஓனர் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன். நீங்க ஓட்டுங்க, பெயர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று புரோக்கர்கள் சொல்வது வழக்கம். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட அந்தத் தாள்கள் புரோக்கருக்கு வசதி, அதே வண்டியை நாளைக்கு வேறு யாருக்கும் விற்கலாம். உங்கள் பெயரும் தேதியும் எழுதாத ஃபார்முக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஷோரூம் வைத்து விற்கும் டீலராக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி அவர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததை இணையத்தில் பதிந்த அங்கீகாரம் பெற்ற டீலரையே, அது விற்கும் வரை உரிமையாளராக விதி கருதுகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முன்பணம் கொடுக்கும் முன்னால் மத்திய அரசின் எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்றிதழ், லோன் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். லோன் காட்டினால், கடன் அடைத்தாகிவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-உம் வேண்டும். போக்குவரத்து அபராத பாக்கியையும் பாருங்கள். இந்த ஊரில் சிக்னலுக்குச் சிக்னல் கேமரா இருக்கிறது, அபராதம் வண்டி எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். 2023 பிப்ரவரியில் பாக்கி அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, எத்தனை வண்டிகளில் பாக்கி இருக்கும் என்று புரியும். வண்டியை எடுக்கும் அன்று தேதியோடு நேரமும் எழுதிய டெலிவரி நோட் ஒன்றில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முந்தைய அபராதம் விற்பவர் கணக்கு.

விண்ணப்பம் பரிவாஹன் தளத்தில் தொடங்குகிறது. இரு தரப்பின் மொபைலுக்கும் ஓடிபி வரும் என்பதால், விற்பவர் ஊரை விட்டுப் போவதற்குள் முடிப்பது உத்தமம். நம்மவர்களில் பலருக்கு இடறும் இடம் ஆதார் முகவரி. அல்சூரிலோ கே.ஆர்.புரத்திலோ பத்து வருடமாகக் குடியிருந்தும் ஆதாரில் மட்டும் திருவண்ணாமலை, தர்மபுரி முகவரியே இருக்கும். முதலில் ஆதாரில் பெங்களூரு முகவரியைப் போட்டுவிடுங்கள், சுற்று வழிகள் தேவைப்படாது. ஒரே மாநிலத்துக்குள் என்பதால், கேஏ 03 வண்டியை ஜெயநகரில் இருப்பவர் வாங்கினாலும் எண் மாறாது. இருசக்கர வாகனத்துக்கு மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். கார்டுக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் ஆகும். ஏஜென்ட் சொல்லும் ஆயிரங்களில் மீதி எல்லாம் அவர் உழைப்புக்குத்தான்.

அடுத்தது இன்சூரன்ஸ். அதிகம் ஓடாத வண்டி வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 2018 செப்டம்பர் 1 முதல் விற்ற புதிய இருசக்கர வாகனங்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆகவே இரண்டு வருட ஸ்கூட்டரைக் காட்டி "இன்சூரன்ஸ் இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்று விற்பவர் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது நீங்கள் மோதிய அடுத்தவருக்கான காப்பீடு. உங்கள் வண்டிக்கு அடிபட்டாலோ திருடு போனாலோ பணம் தரும் ஓன் டேமேஜ் பாலிசி பல வண்டிகளில் ஒரு வருடத்துக்கே எடுக்கப்பட்டு, புதுப்பிக்காமல் முடிந்திருக்கும். இரண்டு தேதியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிரிவு 157-இன்படி வண்டி கை மாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்துவிடும். பாலிசியில் பெயர் மாற்ற 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஓன் டேமேஜ் பகுதி அப்படித் தானாக வராது. பெயர் மாறாத பாலிசியை வைத்துக்கொண்டு திருட்டுக்கு இழப்பீடு கேட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, ஆளுக்குச் சேர்ந்தது, வண்டிக்கு இல்லை. விற்பவர் அதைத் தன் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோவார். அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டி வரும். ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆர்சியில் பெயரும், செல்லுபடியாகும் லைசென்சும் உள்ள உரிமையாளருக்குத்தான்.

இனி லைசென்ஸ். 2019 திருத்தத்துக்கு முன், லைசென்ஸ் 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முந்தியோ அதுவரை செல்லும். 2005 வாக்கில் வேலூரிலோ மதுரையிலோ எட்டு போட்டு வாங்கிய கார்டு பர்சில் பத்திரமாக இருக்கலாம், ஆனால் காலாவதி ஆகியிருக்கும். முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு மருத்துவர் தரும் ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் தேவை. தமிழ்நாட்டு லைசென்சைப் புதுப்பிக்க ஊருக்குப் பஸ் ஏற வேண்டாம், பெங்களூரு ஆர்டிஓவிலேயே செய்யலாம். கார் லைசென்ஸ் மட்டும் இருப்பவர்கள் அதை வைத்து ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, 30 நாள் கழித்து டெஸ்ட் கொடுத்து, இருசக்கரப் பிரிவைச் சேர்க்க வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கான பிரிவே ஸ்கூட்டருக்குப் போதும்.

ஓசூரில் மலிவாகக் கிடைக்கிறதென்றோ, ஊரில் தம்பி ஓட்டாமல் வைத்திருக்கிறான் என்றோ டிஎன் வண்டியைக் கொண்டுவருபவர்கள் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் அந்த ஊர் ஆர்டிஓவில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி வாங்கித் தர வேண்டும், அவருக்கான கெடு 45 நாள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேஏ எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், கர்நாடகத்தின் ஆயுள் வரியும் கட்ட வேண்டும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும். அடுத்த வருடமே ஊருக்குத் திரும்புகிற எண்ணம் இருந்தாலொழிய இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ஹெல்மெட்டைப் பரணிலிருந்து இறக்காமல் ஐஎஸ்ஐ முத்திரையுள்ளதாகப் புதிதாக வாங்குங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடப் போகிறவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம். அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் கடைசி விதியைப் பற்றிக் கவலை வேண்டாம்.